வேலை கையில் வருமுன் டைப் ரேட்டிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்

போன வாரம் தேயிலை எடை போடும் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தேன். கோடநாடு பக்கத்திலிருந்து வரும் ஒரு மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மகன் சி.பி.எல்., அதாவது வணிக விமானி உரிமம், முடித்து எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறானாம். "தம்பி, நீ பைலட்டுக்குப் படிச்சவன்தானே? ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கு டைப் ரேட்டிங் முடிச்சா வேலை உறுதின்னு பெங்களூர்ல சொல்றாங்க. 24 லட்சமாம். மேல்தோட்டத்தை அடமானம் வச்சிரலாமா?"

இதே கேள்வியை 2022 டிசம்பரில் யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று என் அப்பாவும் அலைந்தார். கோத்தகிரியில் கேட்க ஆள் இல்லை. எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் சின்ன ஊரில், விமானத்தில் பயணம் செய்தவர்களே கொஞ்சம் பேர்தான். அதனால் மாமாவிடம் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

டைப் ரேட்டிங் என்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. 200 மணி நேரம் பறந்து சி.பி.எல். வாங்கியவன் ஓட்டியது பெரும்பாலும் செஸ்னா மாதிரி சின்ன விமானம். ஏர்பஸ் ஓட்ட அதற்கென்று தனிப் பயிற்சி எடுத்து, தேர்வாகி, உரிமத்தில் அந்த ரகத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதுதான் டைப் ரேட்டிங். ஏ319, ஏ320, ஏ321 மூன்றுக்கும் ஒரே ரேட்டிங் போதும். போயிங் 737 வேறு, ஏடிஆர் வேறு. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றில் உட்கார முடியாது. விமான நிறுவனம் ஆளைத் தேர்வு செய்துவிட்டு இந்தப் பயிற்சிக்கு அனுப்பினால், செலவு யாருடையதானாலும், முடித்ததும் உட்கார ஒரு இருக்கை இருக்கும். நாமே முதலில் முடித்துவிட்டு அப்புறம் வேலை தேடும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

நாங்கள் போனது பெங்களூரில் ஒரு ஆலோசனை நிறுவனத்துக்கு. பேர் வேண்டாம். நாலு பட்டை போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், எல்லோரும் கேப்டன் என்றுதான் அழைத்தார்கள். எந்தக் கம்பெனியில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஏ320 கையில் இருந்தால் மூன்று மாதத்தில் வேலை, நான் கேரண்டி" என்றார். அப்பா இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் அதே பதில். கையெழுத்துப் போட்ட 11 பக்க ஒப்பந்தத்தில் அந்தக் கேரண்டி எங்கேயும் இல்லை. "பிளேஸ்மென்ட் உதவி" என்று இரண்டு வார்த்தை மட்டும் இருந்தது. அதைப் பிறகுதான் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

பதிவுக் கட்டணம் 50 ஆயிரம், திருப்பித் தர மாட்டார்கள். முதல் தவணை 9 லட்சம். மீதியைக் கட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப் போகிறது என்ற செய்தி வந்தது. அன்று மாலையே கேப்டன் அதை வாட்ஸாப்பில் அனுப்பி, "இடம் நிரம்புகிறது" என்றார். அந்த வாரமே அம்மாவின் நகையும் தோட்டத்தின் பத்திரமும் அடமானத்துக்குப் போயின. மொத்தம் 22 லட்சம் என்று பேச்சு.

சிமுலேட்டர் வெளிநாட்டில். எங்களுக்குக் கிடைத்தது இரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. பகல் நேரம் விமான நிறுவனங்களுக்குப் போய்விடும் போலிருக்கிறது, மிச்சம்தான் நமக்கு. நாலு மணி நேரத்தில் இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு மணி. ஆனால் பயிற்சி நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மூடுபனியில் இறங்கும் பாடத்தின்போது ஓடுபாதை தெரியாமல் பக்கத்து இருக்கைப் பையன் வியர்த்துப்போனான். நவம்பரில் கோத்தகிரி வளைவுகளில் பைக் ஓட்டியவனுக்கு அது பழகிய காட்சி.

முடிக்கும் நேரத்தில் ஒரு மின்னஞ்சல். பேஸ் டிரெயினிங், அதாவது பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் ஏற்றி இறக்கிக் காட்டும் பயிற்சி, கட்டணத்தில் சேராதாம். அதற்கு 5 லட்சம். வேண்டாம் என்று திரும்பி வந்தால் அதுவரை கட்டியது பாதியில் நிற்கும். கட்டினோம். விசா, டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்து 22 லட்சம் இருபத்தொன்பதரை லட்சமாகி நின்றது.

நான் ஊர் திரும்பிய சில நாட்களில், 2023 மே 3-ம் தேதி, கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. அவர்களிடம் இருந்தது முழுக்க ஏ320 ரகம். ஆயிரக்கணக்கான மணி நேரம் அதே விமானத்தை ஓட்டிய பைலட்டுகள் ஒரே நாளில் வேலை தேட ஆரம்பித்தார்கள். என் லாக்புக்கில் அந்த ரகத்தில் இருந்தது சில லேண்டிங் மட்டும். இதற்கு அந்த ஆலோசகரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2012-ல் கிங்ஃபிஷரும் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் இப்படித்தான் நின்றன. இந்தத் தொழிலில் இது நடக்கும் என்று தெரிந்த ஆள் 'மூன்று மாதம், கேரண்டி' என்று சொல்லியிருக்கக் கூடாது.

விண்ணப்பப் படிவங்களில் ஒரு கட்டம் வரும்: இந்த ரகத்தில் எத்தனை மணி நேரம்? நான் பார்த்த ஏ320 விளம்பரங்களில் பெரும்பாலும் 500 கேட்டிருந்தார்கள். இதைச் சொன்னதும் கேப்டனிடம் அடுத்த திட்டம் தயார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் 500 மணி நேர லைன் டிரெயினிங், அதாவது பயணிகளோடு போகும் விமானத்தில் பயிற்சி, இன்னும் 30 லட்சம். பயணி டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்துப் பின்னால் உட்காருவார், நான் பணம் கொடுத்து முன்னால் உட்கார வேண்டும். அப்பா போனை வாங்கி, "வேண்டாங்க" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

அந்த ஜூன் மாதம் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தபோதும் கேப்டனிடமிருந்து செய்தி வந்தது. அந்த 500-ம் வரப்போவது 2030-லிருந்து 2035-க்குள். என் ரேட்டிங் அதுவரை தாங்காது. சிமுலேட்டரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். வேலையில் இருப்பவனுக்குக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். வேலை இல்லாதவன் தன் காசில் சிமுலேட்டரை வாடகைக்கு எடுக்க வேண்டும். மாமாவுக்கு இதைத் தேயிலையில் சொன்னதும் உடனே பிடிபட்டது. ஃபேக்டரியில் இன்று கோட்டா, இலை எடுக்க மாட்டோம் என்கிறான். அது தெரியாமல் ஆள் வைத்து 300 கிலோ பறித்துவிட்டோம். சாக்கில் இலை சூடேறிக் கருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அதுதான்.

2024-ல் ஒரு நிறுவனம் வெறும் சி.பி.எல். வைத்திருப்பவர்களைத் தேர்வுக்கு அழைத்தது. போனேன். என்னைப் போல சொந்தக் காசில் ஏ320 முடித்தவர்கள் என் பேட்ச்சிலேயே எட்டுப் பேர். எங்களுக்குத் தனி வரிசை எதுவும் இல்லை, அதே எழுத்துத் தேர்வு, அதே சைக்கோமெட்ரிக் என்ற மனத்திறன் சோதனை. தேறினால் அவர்களே ரேட்டிங் கொடுப்பார்களாம், எங்களுக்கும் முதலிலிருந்து. நான் சைக்கோமெட்ரிக்கில் வெளியே வந்துவிட்டேன். அது என் குறைதான்.

"பைலட் பற்றாக்குறை என்று பேப்பரில் போடுகிறார்களே" என்று மாமா கேட்டார். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானதும், பைலட்டுகளின் ஓய்வு நேர விதிகள் மாறியதும் அவர் காதுக்கும் வந்திருக்கிறது. பற்றாக்குறை என்றால் முதலில் கேப்டன் இருக்கைக்கு. அதற்கான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கே 1500 மணி நேரம் வேண்டும். 200 மணி நேரத்தோடு வாசலில் நிற்கும் கூட்டத்தை அந்தச் செய்தி குறைக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டீர்களா என்று பலர் கேட்கிறார்கள். கேட்டேன். ஒப்பந்தப்படி பயிற்சி கொடுத்தாயிற்று என்பதுதான் பதில். வக்கீலைப் பார்த்தபோது, கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம் என்றார். கூடவே, வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு என்றும் சொன்னார். 'பார்க்கலாம் சார், அடுத்த மாதம் சார்' என்ற பேச்சை நம்பி நான் அந்த இரண்டு வருடத்தைக் கரைத்துவிட்டிருந்தேன். அந்தக் கேரண்டியையும் கேப்டன் எழுத்தில் தரவே இல்லை, எல்லாம் வாய்ப் பேச்சு. வாட்ஸாப்பில் இருந்தது செய்தித்தாள் படங்கள் மட்டும்.

மாமாவிடம் நான் கேட்கச் சொன்னது இவைதான். எந்த விமான நிறுவனம் எடுக்கும், அந்த நிறுவனத்தின் கடிதம் எங்கே? ஆலோசகரின் லெட்டர்ஹெட் வேண்டாம். அந்தப் பயிற்சி மையத்தை நம் நாட்டு விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. ஏற்றுக்கொண்டிருக்கிறதா? பேஸ் டிரெயினிங் சேர்த்துத்தான் 24 லட்சமா? போன வருடம் முடித்த பேட்ச்சில் நாலு பையன்கள் நம்பரைக் கொடுங்கள், நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள் என்றேன்.

என் ரேட்டிங் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவில்லை. மெடிக்கல் சான்றிதழையும் சி.பி.எல்.லையும் மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன், ரேட்டிங் கேட்காத தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கிறேன். மற்ற நாட்களில் தோட்டம். நகை திரும்பி வந்துவிட்டது, பத்திரம் இன்னும் வங்கியில்தான்.

மாமா வியாழக்கிழமை பெங்களூர் போகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மகனுக்குத்தான் என் மேல் கோபமாம்.