சீட்டு மருந்து: தெரு மெடிக்கல், முதல்வர் மருந்தகம், ஆன்லைன், அரசு ஆஸ்பத்திரி - சட்டப்படி எது எதற்குத் தோது?

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இருப்பவர் கையில் ஒரு டாக்டர் சீட்டு இருந்தால், அதை நான்கு இடங்களில் நீட்டலாம்: தெருமுனை மெடிக்கல், முதல்வர் மருந்தகம் அல்லது ஜன் ஔஷதி என்ற அரசுத் திட்ட மலிவு விலை மருந்துக்கடை, போனில் ஒரு ஆப், அரசு ஆஸ்பத்திரி. விலையை எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளுக்கான விதிகளை இந்த நான்கு இடங்களும் எப்படி நடத்துகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். மருந்து மாறினாலும், தரம் கெட்டிருந்தாலும், பாதியில் கிடைக்காமல் போனாலும் நம் கையில் மிஞ்சுவது அந்த விதிகள் உண்டாக்கும் காகிதங்கள்தான்.

முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு எழுத்தில் ஆர்எக்ஸும் ‘ஷெட்யூல் எச்’ என்ற எச்சரிக்கையும் இருந்தால் அது ஷெட்யூல் எச், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியல். அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின் எல்லாம் இதில் வரும். சிவப்புக் கட்டத்துக்குள் உள்ள எச்சரிக்கையில் எச்1 என்றே இருந்தால், இன்னும் கண்டிப்பான எச்1. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல் இது. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்ஸாசின், டிபி மருந்துகள், அல்பிரஸோலம், ஜோல்பிடெம், டிரமடால் ஆகியவை இதில் உள்ளன. எக்ஸ்ஆர்எக்ஸ் என்றால் ஷெட்யூல் எக்ஸ்: கீட்டமின், மெத்தில்ஃபெனிடேட் போன்றவை. என்ஆர்எக்ஸ் இருந்தால் போதைப்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

1945 மருந்து விதிகளில் 65-ஆம் விதிதான் கடைக்காரருக்கு அடிப்படை. அதன்படி சீட்டில் டாக்டரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, எவ்வளவு மருந்து, எந்த அளவில் சாப்பிட வேண்டும் என்பவை இருக்க வேண்டும். நம் ஊர் கிளினிக் சீட்டுகளில் முகவரியும் மொத்த எண்ணிக்கையும் விடுபட்டே வருகின்றன. எச்1 மருந்துக்குக் கடையில் தனிப் பதிவேடு வைத்து டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எழுதி, அதை 3 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். ஷெட்யூல் எக்ஸ் மருந்துக்குச் சீட்டே இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடை 2 ஆண்டு வைத்திருக்கும். மருந்து தனி அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அதை விற்க 20எஃப் படிவத்தில் தனி லைசென்ஸும் தேவை. சாதாரண மெடிக்கலில் அதைக் கேட்டு அலைவதில் பயன் இல்லை. சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியின் மருந்தகத்திலேயே கேளுங்கள்.

தெரு மெடிக்கல்

இதன் பெரிய பலம் நேருக்கு நேர் பேசலாம் என்பது. பெரிய பலவீனம், பேசுபவர் யார் என்பது. சீட்டு மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் தம் நேரடிப் பார்வையில் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பல கடைகளில் மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். மாலை 7 மணிக்குக் கூட்டம் முண்டும்போது அட்டையை வெட்டித் தருவது பத்தாவது முடித்த பையனாக இருக்கலாம். பெயரில் ஓரெழுத்து மாறும் மருந்துகள் இடம் மாறுவது அந்த நேரத்தில்தான். “மருந்தாளுநர் எத்தனை மணிக்கு இருப்பார்?” என்று கேட்பதில் தப்பே இல்லை. பதில் தடுமாறினால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது சப்ஸ்டிட்யூட். “இது இல்லக்கா, அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேற” என்பது கவுண்டரில் தினமும் கேட்கும் பேச்சு. டாக்டர் பிராண்ட் பெயர் எழுதியிருந்தால், எச் மற்றும் எக்ஸ் மருந்துகளில் அதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்க 65(11ஏ) விதி இடம் தரவில்லை. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே என்றாலும் கூடாது. அவசரத்துக்குக் கடைக்காரர் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டு, சீட்டில் மாற்றி எழுதி வாங்கச் சொன்னால் அவர் சரியான ஆள். ஒன்றும் சொல்லாமல் கவரில் போடுபவர் சரியில்லாதவர்.

மூன்றாவது, பழைய சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் மட்டும், எழுதிய தடவைக்கும் இடைவெளிக்கும் ஏற்பக் கொடுக்கலாம். கொடுத்ததும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயரும் முகவரியும் தேதியும் பதிய வேண்டும். சுகர், பிரஷர்காரர்கள் இதை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளலாம். டாக்டரிடம் “மாதம் 30 மாத்திரை, 3 மாதம்” என்று எண்ணிக்கையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். கடையில் சீல் குத்தியதும் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துப் பழைய சீட்டையோ காலி அட்டையையோ காட்டி வாங்கும் பழக்கம்தான், டோஸை டாக்டர் எப்போதோ குறைத்திருந்தும் பழைய அளவே உள்ளே போவதற்குக் காரணம்.

வலி மாத்திரை விஷயத்தில் வடசென்னைக்கென்று ஒரு சங்கடம் உண்டு. டாபென்டடால் போன்ற மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இளம் பிள்ளைகளைச் சீரழித்திருக்கிறது. அதனால் ஒழுங்கான கடைக்காரர்கள் பலர் அந்த மருந்தையே வைப்பதில்லை. இந்தக் கண்டிப்பு நியாயமானது. ஆனால் புற்றுநோயாளியும் எலும்பு முறிந்தவரும் உண்மையான சீட்டோடு நான்கு கடை ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடையில், டிஸ்சார்ஜ் சம்மரி நகலையும் சேர்த்துக் காட்டி, முழு எண்ணிக்கையும் முதல் தடவையே வாங்குவது நல்லது. அடையாள அட்டை கேட்டால் கோபப்பட வேண்டாம்; பதிவேட்டில் சரியான பெயர் ஏறினால் அது நமக்கும் காப்பு.

பெட்டிக்கடை மாத்திரையையும் சொல்லிவிட வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் பாராசிட்டமால் போன்றவற்றை விற்கத் தரப்பட்ட விலக்கு, ஆயிரம் பேருக்கு மிகாத கிராமங்களுக்கானது. சென்னையில் எந்தத் தெருவுக்கும் அது பொருந்தாது.

முதல்வர் மருந்தகமும் ஜன் ஔஷதியும்

தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. ஜன் ஔஷதி மத்திய அரசு 2008-இல் தொடங்கியது. இரண்டும் சட்டத்தின் பார்வையில் மற்ற மெடிக்கல் போலத்தான்: அதே லைசென்ஸ், அதே மருந்தாளுநர், அதே பதிவேடு. விலை குறைவு என்பதற்காகச் சீட்டு தேவையில்லை என்று ஆகிவிடாது.

இங்கே இடிப்பது மேலே சொன்ன 11ஏ விதிதான். பிராண்ட் பெயர் எழுதிய சீட்டைக் கொண்டுபோனால், ஜெனரிக், அதாவது பிராண்ட் பெயர் இல்லாமல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரிலேயே விற்கும் மாத்திரை, கொடுக்கும் மருந்தாளுநர் விதியை மீறுகிறார். கொடுக்காவிட்டால் நாம் வெறுங்கையோடு திரும்புகிறோம். தீர்வு டாக்டரின் பேனாவில் இருக்கிறது. மருந்தின் ஜெனரிக் பெயரைப் படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று டாக்டர்களின் நடத்தை விதியே சொல்கிறது. “ஜெனரிக் பேர்ல எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. டெல்மிசார்டன் 40, மெட்ஃபார்மின் 500 எஸ்ஆர் என்று எழுதிய சீட்டை எந்தக் கவுண்டரிலும் நீட்டலாம். எஸ்ஆர், எக்ஸ்எல் போன்ற பின்னொட்டை விடக்கூடாது. மெதுவாகக் கரைவதும் சட்டென்று கரைவதும் ஒரே மாத்திரை ஆகாது.

தினமும், வருடக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்துக்கு என் முதல் தேர்வு இதுதான். திடீர்க் காய்ச்சலுக்கு எழுதும் ஆன்டிபயாடிக்குக்கு அவ்வளவாகச் சொல்ல மாட்டேன். கையிருப்பு இல்லையென்றால் ஒரு நாள் வீணாகும், முதல் டோஸ் தள்ளிப்போகும்.

ஆன்லைன்

சட்டம் இங்கேதான் தெளிவில்லாமல் கிடக்கிறது. மின்மருந்தகங்களுக்கென 2018 ஆகஸ்டில் வரைவு விதிகள் வந்தன. அவை முறைப்படி இறுதியாகவில்லை. அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டார். 2019 ஜனவரித் தொடக்கத்தில் இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 26 அன்று, லைசென்ஸ் உள்ள கடை வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்த் தர மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அதன் நிபந்தனைகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: எச்1, எக்ஸ், போதை வகை மருந்துகள் கிடையாது. நாள்பட்ட நோய்ச் சீட்டு என்றால் எழுதிய 30 நாளுக்குள், திடீர் நோய்க்கு 7 நாளுக்குள் காட்ட வேண்டும். கடையும் வீடும் ஒரே வருவாய் மாவட்டத்தில் இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனை வடசென்னைக்கு நேராகப் பொருந்துகிறது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் 2018 முதல் சென்னை மாவட்டம். மீஞ்சூரும் அத்திப்பட்டும் திருவள்ளூர் மாவட்டம். மணலிக் கடையிலிருந்து மீஞ்சூருக்குப் போகும் பெட்டி, தூரம் கொஞ்சம் என்றாலும், அந்த எல்லையைத் தாண்டுகிறது.

ஆப்பில் வாங்கினால் பில்லில் எந்தக் கடை அனுப்பியது, அதன் லைசென்ஸ் எண் என்ன, பேட்ச் நம்பர் (ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதியின் எண்) என்ன என்று பாருங்கள். ஆப்பின் பெயர் மட்டும் இருந்தால், பிரச்சினை வரும்போது பொறுப்பேற்க ஆள் இருக்காது. சீட்டே இல்லாமல் ஆர்டர் போட்டால், ஒரு டாக்டர் இரண்டு நிமிடம் போனில் பேசிச் சீட்டு தயாரித்துத் தரும் ஏற்பாடும் உண்டு. டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி ஷெட்யூல் எக்ஸும் போதைச் சட்ட மருந்துகளும் போன் வழியே எழுதவே கூடாது. ஆன்டிபயாடிக் அப்படிக் கிடைத்தாலும் வாங்காதீர்கள் என்பேன். நெஞ்சில் ஸ்டெத் வைக்காமல் எழுதிய ஆன்டிபயாடிக் அது.

இன்சுலினுக்கும் ஆன்லைன் வேண்டாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் மே மாத வெயிலில் லாரிகளுக்கு நடுவே நிற்கும் டெலிவரி வண்டியில் அது எத்தனை டிகிரியில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபிரிட்ஜ் ஓடும் கடையில் கண்ணெதிரே எடுக்கச் சொல்லி, ஐஸ் நேராகப் படாதபடி துணி சுற்றி ஃபிளாஸ்கில் கொண்டுவாருங்கள். உறைந்துபோன இன்சுலின் பிறகு பார்க்கத் தெளிவாக இருந்தாலும் பயன்படாது.

அரசு ஆஸ்பத்திரி

ஸ்டான்லியிலோ பெரியார் நகர் ஆஸ்பத்திரியிலோ ஓபி சீட்டில் ஜெனரிக் பெயர்தான் எழுதுவார்கள், மருந்து இலவசம். அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கடை லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் தகுதி உள்ளவரின் மேற்பார்வையில்தான் மருந்து தர வேண்டும், வாங்கிய மருந்தின் கணக்கும் இருக்க வேண்டும். குறை, வரிசை. இன்னொரு குறை, வீட்டுக்குப் பில் வராது. அதனால் அட்டையைப் பேட்ச் எழுதிய பக்கம் மிஞ்சும்படி கடைசிவரை வைத்திருக்க வேண்டும். அரசு சப்ளை, விற்பனைக்கல்ல என்று அச்சிட்ட அட்டையோ டாக்டர் சாம்பிளோ வெளிக்கடையில் கிடைத்தால், அந்தக் கடை அதை வைத்திருப்பதே குற்றம்.

டிபி மருந்துக்கு மட்டும் ஒப்பீடே தேவையில்லை. அரசிடமே போங்கள். ஓட்டேரி நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. தனியார் மெடிக்கலில் ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் வாங்கினால் அது எச்1 பதிவேட்டில் ஏறும். 2018 மார்ச் அரசிதழ்ப்படி கடைக்காரரும் அந்த நோயாளியை அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். மறைப்பதற்கு வழியும் இல்லை, தேவையும் இல்லை. காசு தீர்ந்த மாதம் மாத்திரையை நிறுத்துவதுதான் மருந்துக்கு அடங்காத டிபி உருவாக ஒரு முக்கியக் காரணம். அரசு மருந்தில் காசு தீர்வது என்ற பேச்சே இல்லை.

எங்கே வாங்கினாலும் பில்

பில் வேண்டாம் என்றால் பத்து ரூபாய் குறைக்கும் கடைகள் உண்டு. அந்தப் பத்து ரூபாயை விட்டுவிடுங்கள். 2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டது. அப்போது பெற்றோர் தேடியது எஸ்ஆர்-13 என்ற பேட்ச் எண்ணை. பாட்டிலை எறிந்தவர்களுக்குப் பில்லில் இருந்த எண்தான் வழி.

அட்டையை வெட்டித் தரும்போது பேட்சும் எக்ஸ்பைரியும் அச்சான ஓரம் யாரிடம் போகிறது என்று கவனியுங்கள். நமக்கு வரும் துண்டில் அது இல்லையென்றால் பில்லில் எழுதி வாங்குங்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடும் இருக்க வேண்டும். போனில் ஸ்கேன் செய்து, வரும் பேட்ச் எண் அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் வந்தால் மீதி மாத்திரைகளைத் தொடாமல், அட்டையோடும் பில்லோடும் சேர்த்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 1940 சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதிக்கக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். பிரித்துக் கொட்டிய மாத்திரையை வைத்து யார் மீதும் எதையும் நிரூபிக்க முடியாது. அட்டை சேதமில்லாமல் இருக்க வேண்டும்.