'டேட்டா வந்தால்தான் காசு' போர்டை நம்பாதீர்கள்: 8,500 ரூபாயும் போச்சு, படங்களும் போச்சு

8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் டெலீட் ஆகி, திரும்பக் கிடைத்திருக்க வேண்டிய படங்களையும் இல்லாமல் ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. லேப்டாப் சர்வீஸ், சிசிடிவி, பிரிண்டர் இங்க் எல்லாவற்றையும் ஒரே போர்டில் எழுதி, கீழே சிவப்பில் 'டேட்டா ரெக்கவரி, டேட்டா வந்தால்தான் காசு' என்று போட்டிருக்கும் கடை. உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் இப்படி ஒன்று இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

லீவுக்கு வந்திருந்த தம்பி மகன், கேம் போட இடம் இல்லை என்று டி டிரைவில் இருந்த பெரிய ஃபோல்டர் ஒன்றை டெலீட் செய்துவிட்டான். ரீசைக்கிள் பின்னில் தேடினால் அங்கேயும் இல்லை. ஃபோல்டர் ரொம்பப் பெரிதாக இருந்தால் விண்டோஸ் அதை பின்னுக்கு அனுப்பாது, நிரந்தரமாக அழித்துவிடவா என்று கேட்கும். அவன் 'யெஸ்' கொடுத்திருக்கிறான். சின்னப் பையன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2013-ல் நடந்த அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அந்த ஃபோல்டரில்தான் இருந்தன. அப்பா இப்போது இல்லை. ஸ்டுடியோவில் கொடுத்த டிவிடியும் எப்போதோ ஓடாமல் போய்விட்டது.

உடனே கம்ப்யூட்டரை ஆஃப் செய்தேன். உள்ளே இருப்பது பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க். அதில் ஒரு ஃபைலை டெலீட் செய்தால் படம் அப்போதே அழிவதில்லை. 'இந்த இடம் காலி' என்று விண்டோஸ் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காராத வரை எடுத்துவிடலாம். இது தெரிந்ததால்தான் வீட்டில் யாரையும் அதைத் தொட விடாமல், சிபியுவை அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் தன்மையாகத்தான் பேசினார். "கவலையே படாதீங்க மேடம், டெலீட் ஆனதுதானே, டிஸ்க் அடிபடலையே. நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றார். மொத்தம் 8,500, அட்வான்ஸ் 2,000. டேட்டா வந்தால்தான் காசு என்று போட்டிருக்கிறீர்களே, அட்வான்ஸ் எதற்கு என்று கேட்டேன். "வரலைன்னா அதையும் திருப்பிக் கொடுத்துடுவேன், நான் எங்க ஓடிப்போகப் போறேன்" என்று சிரித்தார். சரி என்று கொடுத்தேன்.

மறுநாள் போனபோது பென் டிரைவைச் செருகி ஃபோல்டரைத் திறந்து காட்டினார். வரிசை வரிசையாகக் குட்டிப் படங்கள். மாலையும் கழுத்துமாக அப்பா, பக்கத்தில் அரக்குப் பட்டில் அம்மா, பின்னால் நாதஸ்வரக்காரர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கூட வந்திருந்த அம்மா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருப்பா தம்பி" என்று அந்த ஆளை வாழ்த்தினார். அந்த நிமிஷத்தில் ஒவ்வொரு படமாகத் திறந்து காட்டுங்கள் என்று கேட்க யாருக்கு மனசு வரும்? மீதி 6,500-ஐ ஜிபேயில் அனுப்பினேன். ஆக 8,500.

வீட்டுக்கு வந்து திறந்தால் ஒரு படம்கூட முழுசாக இல்லை. ஒரு படத்தில் அப்பாவின் நெற்றியும் கண்ணும் தெரிகிறது, அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். இன்னொன்றில் பந்தலின் தோரணம் மட்டும். பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. ஆனால் அதே பென் டிரைவில், யாருக்கும் வேண்டாத ஏதோ ஒரு டூர் படங்கள் பளிச்சென்று திறக்கின்றன.

போன் செய்தேன். "பென் டிரைவ்ல வைரஸ் இருக்கும் மேடம்." பென் டிரைவ் அவர் கொடுத்தது! நேரில் போனால் கடைப் பையன், "அக்கா, ஓனர் வெளிய போயிருக்காரு" என்கிறான். உள்ளே அவர் குரல் கேட்கிறது. வாட்ஸாப்பில் படங்களை அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. கடைசியில் ஒருநாள் பிடித்துக் கேட்டால், "டேட்டா வந்துச்சுல்ல? ஃபைல் கரப்ட் ஆனதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்கிறார். டேட்டா வந்ததாம்! 8,500 ரூபாய்க்கு நெற்றியும் தோரணமும் வந்திருக்கின்றன.

பிறகு, இதே வேலை தெரிந்த தம்பியின் நண்பர் ஒருவர் வந்து டிஸ்க்கைப் பார்த்தார். டி டிரைவிலேயே 'ரெக்கவரி' என்று ஒரு புது ஃபோல்டர், தேதி நான் கடையில் கொடுத்த அன்றையது. பென் டிரைவில் இருக்கும் அதே ஃபைல்கள் அதற்குள்ளும் இருக்கின்றன. எந்த டிரைவிலிருந்து எடுக்க வேண்டுமோ அதே டிரைவில் எடுத்ததையும் சேமித்திருக்கிறார்கள். முதலில் வெளியே வந்த டூர் படங்கள் போய், இன்னும் எடுக்காமல் இருந்த கல்யாணப் படங்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டன. அவர் அதைக் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. இந்த வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது. சேமிக்க அதே டிரைவைக் காட்டினால் ரெக்குவா போன்ற மீட்கும் மென்பொருளே எச்சரிக்கும். அதையும் தாண்டி ஓகே கொடுத்திருக்கிறார்கள். இனி எந்த லேபுக்குக் கொண்டுபோனாலும், மேலே வேறு ஃபைல் எழுதப்பட்ட இடத்திலிருந்து பழைய படம் வராது.

குட்டிப் படங்கள் மட்டும் எப்படி அவ்வளவு நன்றாகத் தெரிந்தன என்றும் அவர்தான் சொன்னார். கேமராவில் எடுத்த ஜேபெக் ஃபைலின் தொடக்கத்தில் ஒரு குட்டிப் படம் தனியாக ஒட்டியிருக்கும். பின்னால் இருப்பது எல்லாம் நாசமானாலும் அது தெரியலாம். அதைக் காட்டித்தான் கடைக்காரர் காசை வாங்கிவிட்டார்.

எப்படி மீட்பது என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

டெலீட் ஆனது தெரிந்ததும் அந்த டிரைவில் எதையும் போடாதீர்கள், மீட்கும் மென்பொருளைக்கூட. எடுத்த ஃபைல்கள் வேறு டிஸ்க்குக்குத்தான் போக வேண்டும். கடையில் கொடுத்தாலும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். டிஸ்க் நல்லபடியாக ஓடுகிறது என்றால் நாமே மீட்டுப் பார்க்கலாம்: ஃபோட்டோரெக் என்ற மீட்கும் மென்பொருள் முழுக்க இலவசம். விண்டோஸ் 10, 11-க்கு மைக்ரோசாஃப்டே விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி என்று ஒன்றை இலவசமாகத் தருகிறது, கட்டளை டைப் செய்துதான் ஓட்ட வேண்டும். டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் எதையும் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புது மாதிரி டிஸ்க்) என்றால் கதையே வேறு: டிரிம் என்ற ஏற்பாடு, டெலீட் ஆன இடத்தைப் பெரும்பாலும் சீக்கிரமே துடைத்துவிடும். அதில் நூற்றுக்கு நூறு எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

காசு கொடுப்பதற்கு முன் பத்துப் படத்தையாவது முழுத் திரையில் திறந்து பாருங்கள். என்ன வேலை, என்ன எடுத்துத் தர வேண்டும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'சிஸ்டம் சர்வீஸ் 8,500' என்று மட்டும்தான் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்து, அந்த பில்லையும் ஜிபே ரசீதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.