டிசிபி, யூடிபி, க்விக்: தொலைந்த பாக்கெட் யார் பொறுப்பு?

"டிசிபி நம்பகமானது, யூடிபி வேகமானது." நெட்வொர்க்கிங் படித்த எல்லாரும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய வரி இது. டிசிபி, யூடிபி, பின்னால் வந்த க்விக் மூன்றும், இணையத்தில் தரவைச் சிறு துண்டுகளாக (பாக்கெட்) அனுப்பும் விதிமுறைகள், அதாவது புரோட்டோகால்கள். அந்த வரியின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி ஆளைத் திசைதிருப்பும். யூடிபியில் அனுப்பிய பாக்கெட் கம்பியில் கூடுதல் வேகத்தில் ஓடுவதில்லை. அதே கேபிள், அதே ரவுட்டர், அதே தூரம். அது எதற்கும் காத்திருப்பதில்லை, அவ்வளவுதான்.

இவற்றுக்கு அடியில், முகவரி பார்த்துப் பாக்கெட்டைக் கொண்டுபோகும் ஐபி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. பாக்கெட் தொலையலாம், இரண்டு முறை வரலாம், முன்பின்னாக வரலாம். அந்தக் குளறுபடி யார் தலையில் விழுகிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. டிசிபியில் அது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் வேலை. யூடிபியில் நிரல் எழுதுகிறவர் பாடு. க்விக்கில், செயலியோடு சேர்ந்தே வரும் ஒரு லைப்ரரி அதைப் பார்த்துக்கொள்கிறது. அளவிலும் இது தெரியும்: 1980இல் வந்த யூடிபியின் வரையறை (ஆர்எஃப்சி 768 என்ற இணையத் தர ஆவணம்) மூன்றே பக்கம், பாக்கெட்டின் தலைப்பில் வரும் குறிப்பான ஹெடர் 8 பைட். டிசிபியின் ஹெடர் குறைந்தது 20 பைட். 2021 மே மாதம் வெளிவந்த க்விக்கின் ஆர்எஃப்சி 9000 சுமார் 150 பக்கம். அதுவும் அந்த ஒரு ஆவணம் மட்டும்தான். பாக்கெட் இழப்பையும் நெரிசலையும் கையாள்வதற்குத் தனி ஆர்எஃப்சி, குறியாக்கத்துக்குத் தனி ஆர்எஃப்சி.

பத்தில் ஒன்று தொலைந்தால்

பாக்கெட் போய்ப் பதில் வர 100 மில்லி விநாடி பிடிக்கும் ஓர் இணைப்பை எடுத்துக்கொள்வோம். பத்து பாக்கெட் அனுப்புகிறோம், மூன்றாவது வழியில் தொலைகிறது.

டிசிபியில் 4 முதல் 10 வரை பெறுநர் கணினிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்துவிடும். ஆனால் செயலிக்குக் கிடைப்பது 1, 2 மட்டுமே. மீதி ஏழும் கெர்னலின் பஃபரில் சும்மா உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் வரிசை மாறாமல் கொடுப்பதாக டிசிபி வாக்குக் கொடுத்திருக்கிறது. பெறுநர் "எனக்கு 3 வேண்டும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அதே பதில் கூடுதலாக மூன்று முறை வந்ததும், அனுப்புநர் டைமருக்குக் காத்திராமல் 3ஐ மறுபடி அனுப்புவார். ஏறத்தாழ 100 மில்லி விநாடி தாமதத்தில் எட்டு பாக்கெட் அளவுத் தரவும் மொத்தமாகச் செயலியின் மேல் வந்து கொட்டும். கூடவே, இழப்பை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு அனுப்புநர் வேகத்தையும் குறைப்பார். லினக்ஸில் வழக்கமாக ஓடும் கியூபிக் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை என்றால் சுமார் 70 சதவீதத்துக்கு. தொலைந்தது கடைசி பாக்கெட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பின்னால் வந்து துப்புக் கொடுக்க வேறு பாக்கெட் இல்லை, டைமரை நம்பித்தான் ஆக வேண்டும்.

யூடிபியில் ஒன்பதும் வந்த உடனே செயலி கைக்குப் போய்விடும். மூன்றாவது வரவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெரிய வேண்டுமென்றால் நாமே எண் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். குரல் அழைப்பில் ஒரு பாக்கெட்டில் பெரும்பாலும் 20 மில்லி விநாடி ஒலிதான் இருக்கும். அது போனால் பக்கத்து ஒலியை வைத்து மென்பொருள் ஒப்பேற்றிவிடும், காதுக்கு அதிகம் தெரியாது. 100 மில்லி விநாடி கழித்து வந்தால் அந்த ஒலியை எங்கே போடுவது? தூக்கிப்போட வேண்டியதுதான். தாமதமாக வந்த தரவுக்கு மதிப்பு உண்டா என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

க்விக்கில் இன்னொரு கேள்வியும் வரும்: தொலைந்தது எந்த ஸ்ட்ரீமின் தரவு? ஒரே இணைப்புக்குள் பக்கத்தின் ஸ்டைல் கோப்பு, ஸ்கிரிப்ட், படம் எல்லாம் தனித்தனி ஸ்ட்ரீமாக ஓடும். மூன்றாவது பாக்கெட்டில் இருந்தது படத்தின் துண்டு என்றால் படம் மட்டும் காத்திருக்கும். மற்றவை நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், வலைப்பக்கங்களைக் கேட்டு வாங்கும் புரோட்டோகாலான எச்டிடிபியின் 1.1 பதிப்புக் காலத்தில் பிரவுசர்கள் ஒரே தளத்துக்கு ஆறு டிசிபி இணைப்பு வரை திறக்கும். ஒன்று முடங்கினால் ஐந்து ஓடும். 2015இல் தரமாக்கப்பட்ட எச்டிடிபி/2 எல்லாவற்றையும் ஒரே டிசிபி இணைப்புக்குள் திணித்தது. நல்ல இணைப்பில் அது லாபம். பாக்கெட் அடிக்கடி தொலையும் இணைப்பிலோ ஒரு பாக்கெட் போனால் பக்கம் மொத்தமும் நிற்கும். பழைய முறையே தேவலை என்ற நிலை. எச்டிடிபி/3 க்விக்குக்கு மாறியதன் முக்கியக் காரணம் இதுதான். ஆனால் ஒரே ஒரு பெரிய கோப்பை இறக்கும்போது ஸ்ட்ரீமும் ஒன்றுதான், அங்கே க்விக்கும் டிசிபி போலவே காத்திருக்கும். இதை விளம்பரக் கட்டுரைகள் சொல்வதில்லை.

முதல் பைட் வரும் முன்

இப்போது போய்வர 150 மில்லி விநாடி ஆகும் மொபைல் இணைப்பு. டிசிபி கைகுலுக்க, அதாவது இரு முனையும் பேசி இணைப்பைத் திறக்க, ஒரு சுற்று. அதன்மேல் குறியாக்கத்துக்கான டிஎல்எஸ் 1.2 என்றால் இன்னும் இரண்டு. ஆக, கோரிக்கை கிளம்பும் முன்பே 450 மில்லி விநாடி போய்விட்டது. 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 அதை 300 ஆக்கியது. க்விக் இரண்டு கைகுலுக்கலையும் ஒன்றாகப் பிணைத்து 150இல் முடிக்கிறது. முன்பே பேசிப் பழகிய சர்வர் என்றால் கோரிக்கையை முதல் பாக்கெட்டிலேயே ஏற்றிவிடலாம். அந்தச் சலுகையில் ஓர் ஆபத்து உண்டு: நடுவில் இருப்பவர் அந்தப் பாக்கெட்டை நகலெடுத்து மறுபடி அனுப்பலாம். பக்கத்தைப் படிக்க அது பரவாயில்லை. பணம் அனுப்பும் கோரிக்கைக்கு அந்த வழியைத் திறந்துவைக்கக் கூடாது.

யூடிபிக்குக் கைகுலுக்கலே இல்லை, குறியாக்கமும் இல்லை. குறியாக்கம் வேண்டுமென்று டிடிஎல்எஸ் சேர்த்தால் சுற்றுகள் திரும்பி வந்துவிடும்.

ஒரே டேட்டா சென்டருக்குள் போய்வரும் நேரம் அரை மில்லி விநாடிதான். அங்கே இந்தச் சேமிப்பு யார் கண்ணிலும் படாது. ஒருமுறை திறந்த இணைப்பை மூடாமல் வைத்திருந்தாலும் அப்படியே.

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது க்விக்குக்குத் தெளிவான வெற்றி. டிசிபி ஓர் இணைப்பை இரு முனைகளின் ஐபி முகவரி, போர்ட் என்ற நான்கை வைத்து அடையாளம் காண்கிறது. ஒன்று மாறினாலும் இணைப்பு செத்தது. க்விக்கில் இணைப்புக்கென்று தனி அடையாள எண் உண்டு. முகவரி மாறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஏன் எல்லாரும் மாறவில்லை?

டிசிபிக்குப் பின்னால் நாற்பது ஆண்டுக்கும் மேலான உழைப்பு இருக்கிறது. கெர்னல் மட்டுமல்ல, நெட்வொர்க் கார்டே பெரிய தரவை வாங்கிப் பாக்கெட்டாக வெட்டிக் கொடுக்கும் அளவுக்கு வன்பொருள் அதற்குப் பழகியிருக்கிறது. க்விக் பெரும்பாலும் கெர்னலுக்கு வெளியே ஓடுகிறது. ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியாகக் குறியாக்குகிறது. அதிவேக உள் நெட்வொர்க்கில் (லேன்) அதே அளவு தரவுக்கு அது கூடுதல் சிபியூ கேட்கும். கோளாறு பார்ப்பதும் கஷ்டம். டிசிபி என்றால், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பைத் திறந்தாலே மறு அனுப்பல், விண்டோ அளவு எல்லாம் கண்முன் நிற்கும். க்விக்கில் ஹெடரின் பெரும்பகுதியே மறைக்கப்பட்டிருப்பதால், சாவி இல்லாதவருக்கு அது வெறும் இரைச்சல். நெட்வொர்க் நிர்வாகிகள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

க்விக் வழக்கமாகப் பயன்படுத்தும் யூடிபி போர்ட் 443ஐ அடைத்து வைத்திருக்கும் அலுவலக ஃபயர்வால்களும் உண்டு. அங்கே பிரவுசர் சத்தமில்லாமல் டிசிபிக்குத் திரும்பிவிடும். ஆகவே க்விக் வைத்த சர்வர் டிசிபியையும் வைத்தே ஆக வேண்டும்.

க்விக் ஏன் தனிப் புரோட்டோகால் எண் வாங்காமல் யூடிபி முதுகில் ஏறியது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பல ஸ்ட்ரீம் வசதியோடு எஸ்சிடிபி என்ற இன்னொரு புரோட்டோகால் 2000ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆனால் வீட்டு ரவுட்டர்களில் உள்ள, முகவரியை மாற்றி எழுதும் நாட் (NAT) டிசிபியையும் யூடிபியையும் மட்டுமே உருப்படியாக அறியும். அதைத் தாண்டி எஸ்சிடிபியால் பொது இணையத்தில் நடமாட முடியவில்லை. தொலைபேசி நிறுவனங்களின் சிக்னலிங்கிலும், பிரவுசரிலிருந்தே அழைப்பு பேச உதவும் வெப்ஆர்டிசியின் தரவுச் சேனலில் யூடிபி போர்த்திக்கொண்டும் வாழ்கிறது.

யூடிபி மேல் நாமே கட்டினால்?

இந்த ஆசை எல்லா அணியிலும் யாருக்காவது வரும். முதலில் வரிசை எண், பிறகு ஒப்புகை, பிறகு மறு அனுப்பல் என்று எழுதிக்கொண்டே போனால் ஒருநாள் அரைகுறை டிசிபி ஒன்று கையில் இருக்கும். அதில் பெரும்பாலும் விடுபடுவது நெரிசல் கட்டுப்பாடு. அது இல்லாத டிசிபி எப்படி இருந்தது என்று 1986 அக்டோபரில் பார்த்தாயிற்று: லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே விநாடிக்கு 32 கிலோபிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்குச் சரிந்தது. கிலோபிட் அல்ல, வெறும் பிட். வேன் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வுகள்தான் இன்றைய டிசிபியின் முதுகெலும்பு.

முகவரி மோசடி என்ற ஆபத்தும் இருக்கிறது. கைகுலுக்கல் இல்லாததால், அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டுச் சிறு கேள்வி அனுப்பி, பெரிய பதிலை வேறொருவர் தலையில் இறக்கலாம். 2018 பிப்ரவரியில் மெம்கேஷ்டு என்ற தற்காலிகச் சேமிப்பு மென்பொருள் ஓடும் சர்வர்களை வைத்து, நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் பாய்ந்தது இந்த வழியில்தான். க்விக் இதைப் பார்த்துத்தான் விதி வைத்தது: முதல் பாக்கெட்டை 1200 பைட்டுக்காவது நிரப்ப வேண்டும், முகவரி உறுதியாகும் வரை, வாங்கியதைப் போல மூன்று மடங்குக்கு மேல் சர்வர் திருப்பி அனுப்பக் கூடாது.

டிசிபியிலும் பொறி உண்டு. அது பைட் ஓட்டம், செய்திகளின் எல்லை அதற்குத் தெரியாது. 100 பைட்டை இரண்டு முறை அனுப்பினால் அந்தப் பக்கம் 200ஆக ஒரே தடவையில் வரலாம், 37ஆகவும் 163ஆகவும் வரலாம். சொந்தக் கணினியில் சோதிக்கும்போது பெரும்பாலும் சரியாகவே வரும் என்பதால் இந்தப் பிழை வெளியே போன பிறகுதான் தலைகாட்டும். யூடிபியில் ஒரு செய்தி அனுப்பினால் ஒரு செய்தியாகவே வரும், வந்தால்.

எதற்கு எது

டேட்டாபேஸ், கோப்புப் பரிமாற்றம், சர்வரோடு சர்வர் பேசும் ஏபிஐ: டிசிபி, யோசிக்கவே வேண்டாம். மொபைலில் ஆட்கள் வந்து பார்க்கும் பொதுத் தளம்: டிசிபியோடு க்விக்கையும் திறந்துவையுங்கள். குரல், காணொளி அழைப்புக்கு யூடிபி, அதுவும் வெப்ஆர்டிசி வழியாக. நேரடியாகச் சாக்கெட் திறந்து அல்ல. வேக விளையாட்டில் கலவைதான் சரி. ஆள் நிற்கும் இடம் விநாடிக்குப் பலமுறை மாறும், பழைய இடம் தொலைந்தால் நஷ்டமில்லை. ஆயுதம் வாங்கிய செய்தி தொலையக் கூடாது.

விபிஎன்னுக்கு யூடிபி. டிசிபிக்குள் டிசிபியை ஓட்டினால் ஒரே இழப்புக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் தனித்தனியே மறு அனுப்பலில் இறங்கி, இணைப்பு நொண்டும். வயர்கார்டு என்ற விபிஎன் யூடிபியில் மட்டுமே ஓடுகிறது.

பதிவு செய்த வீடியோவுக்கும் யூடிபிதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சில விநாடித் துண்டுகளாக எச்டிடிபி வழியாக வருகிறது. பிளேயர் முன்கூட்டியே பல விநாடிகளைச் சேர்த்து வைத்திருக்கும். 100 மில்லி விநாடி தாமதம் அந்தச் சேமிப்பில் கரைந்துபோகும். அங்கே டிசிபியே போதும்.