தினமும் எண்ணெயா, சனிக்கிழமை முழுக்கா?

ஆயுர்வேத முறைப்படி அன்றாடத்தை அமைத்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்குச் சிக்கல் வருகிற இடம் எண்ணெய்தான். விடியலில் எழுவது, நாக்கு வழிப்பது, பசித்தபின் சாப்பிடுவது இதிலெல்லாம் யாருக்கும் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. எண்ணெய் என்று வந்துவிட்டால் மூன்று வழிகள் தெரிகின்றன: தினமும் உடம்பு முழுக்கத் தேய்ப்பது, நம் வழக்கப்படி வாரம் ஒருமுறை தலை முழுகுவது, தினமும் கொஞ்சமாகத் தலைக்கும் பாதத்துக்கும் மட்டும் வைப்பது. மூன்றையும் வீட்டில் செய்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் வழிக்கு ஆதாரம் வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம். அதன் முதல் பகுதியான சூத்திர ஸ்தானத்தின் 2-ஆம் அத்தியாயமே ‘தினசரியை’, அதாவது அன்றாட நடைமுறை பற்றியதுதான். எழுந்து, பல் துலக்கி, கண்ணுக்கு மையிட்டு, மூக்குக்கு மருந்து விட்டு, வாய் கொப்பளித்து, பிறகு எண்ணெய், அதன்பின் உடற்பயிற்சி, பொடி தேய்ப்பு, குளியல் என்று வரிசை போகும். எண்ணெய் தேய்ப்பை ‘நித்யம்’, அதாவது தினமும் செய் என்றே சொல்கிறார். மூப்பு, களைப்பு, வாதம் மூன்றையும் அது குறைக்கும் என்பது அவர் சொல்லும் காரணம்.

ஒரு மண்டலம், 48 நாள், இதை முழுசாகக் கடைப்பிடித்தேன். முதல் பத்து நாளில் தெரிந்தது தூக்கம். படுத்த கொஞ்ச நேரத்தில் கண் அயர்ந்தது. மார்கழிக் குளிரில் முழங்கால் சருமம் வெள்ளை பூக்கவில்லை. ஆனால் நாளுக்கு 30 மில்லி வைத்தாலும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் செக்கு நல்லெண்ணெய் ஆகிறது. தேய்த்து, ஊறி, குளித்து முடிக்க முக்கால் மணி நேரம். ஏழரை பஸ்ஸைப் பிடிக்கிற வீட்டில் அந்த முக்கால் மணி நேரம் யாரோ ஒருவரின் தூக்கத்திலிருந்துதான் வரும். எங்கள் வீட்டில் அது என் தூக்கம். துண்டுகளின் எண்ணெய்ச் சிக்கு வாஷிங் மெஷினில் போகவே இல்லை, தனியாகக் கொதிநீரில் போட வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. சித்த மருத்துவத்தில், தேரையர் என்ற சித்தர் நோய் அண்டாமல் வாழச் சொன்ன ‘பிணியணுகா விதி’ நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கைத் தவறவிட மாட்டோம் என்கிறது. ஆக நம் மரபிலும் ‘வாரம் ஒருமுறை’ என்பது பிற்பாடு சுருங்கியதுதான்.

என் அம்மா செய்வதைப் பார்க்க வேண்டும். இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, நாலு மிளகு, ஒரு சிட்டிகை சீரகம் போட்டு அடுப்பில் காட்டுவார். மிளகு ‘பட்’ என்று ஒன்று வெடித்ததும் இறக்கிவிடுவார். அதற்கு மேல் போனால் எண்ணெய் காந்தல் வாடை அடிக்கும். கை பொறுக்கும் சூட்டில் உச்சியில் ஒரு குழிக்கை வைத்து, விரல் நுனியால் அல்ல, உள்ளங்கையால் அழுத்தித் தட்டுவார். அரை மணி ஊறியபின் சீயக்காய். அன்று மதியம் மிளகு ரசம்தான். மோர், தயிர், பகல் தூக்கம் மூன்றும் கிடையாது.

குளிக்கிற தண்ணீரில்தான் ஆயுர்வேதம், சித்தம் இரண்டு மரபும் நேரெதிராக நிற்கின்றன. எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் குளிப்போம் என்கிறார் தேரையர். வாக்படரோ கழுத்துக்குக் கீழே வெந்நீர் பலம் தரும், அதே வெந்நீர் தலைக்கு ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் கெடுதல் என்கிறார். நான் உடம்புக்கு நல்ல சூடாகவும், தலைக்கு வெதுவெதுப்பாகவும் ஊற்றுகிறேன். சீயக்காய்க்கு அந்த வெதுவெதுப்பே போதும், எண்ணெய் விட்டுவிடுகிறது.

பகல் தூக்கத்திலும் அப்படித்தான். முழுகிய நாளில் தூங்கினால் அம்மா விடமாட்டார். வாக்படர் பருவங்களில் கோடைக்கு மட்டும் பகல் தூக்கத்தை நல்லது என்கிறார். சித்திரை வெயிலில் முழுகிவிட்டு வந்தால் கண் சொருகத்தான் செய்கிறது. அந்த ஒரு விஷயத்தில் நான் அம்மா பக்கம். தூங்கி எழுந்த நாளெல்லாம் தலை கனத்துக் கிடந்தேன்.

மூன்றாவது வழியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் அதுவும் அதே வாக்படர் சொன்னதுதான். தினமும் தேய் என்று சொன்ன கையோடு, தலை, காது, பாதம் மூன்றிலும் சிறப்பாகச் செய் என்கிறார். எனக்கு இதுதான் சாவி. காலையில் உச்சியில் அரை ஸ்பூன், இரவில் பாதத்தில் ஒரு ஸ்பூன். ஆறு நிமிஷம் ஆகிறது. அம்மாவின் பித்தவெடிப்பு இரண்டு மாதத்தில் மூடியது இதில்தான், முழுக்கில் அல்ல. குதிகாலை நீள வாக்கில் தேய்க்காமல் கட்டை விரலால் வட்டமாகத் தேய்த்து, பழைய காட்டன் சாக்ஸ் போட்டுவிடுவோம். போர்வையும் தப்பித்தது. காதுக்குள் மட்டும் எண்ணெய் விடுவதில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து, அது நமக்குத் தெரியாமலே இருக்கலாம். காது மடலிலும் பின்புறத்திலும் தடவுவதோடு சரி.

எந்த எண்ணெய் என்பது பெரிய சர்ச்சை. நல்லெண்ணெய் உஷ்ணம், வாதத்துக்கு நல்லது. தேங்காய் எண்ணெய் குளிர்ச்சி, கேரளத்தில் தினமும் தலைக்கு வைத்துக் குளிப்பது அதைத்தான். சளி பிடிக்கும் உடம்புக்கு மழைக்காலத்தில் தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்வதில்லை, என் மகனுக்கு அப்படி. கோடையில் அவனுக்கும் அதுதான்.

காய்ச்சல், சளிக்கட்டு, அஜீரணம் இருக்கும்போது எந்த வழியும் வேண்டாம். கபம் மிகுந்தவரும் செரிக்காதவரும் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று வாக்படரே விலக்குகிறார். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் சூடான எண்ணெயைத் தொடவே கூடாது; சுட்டால் தெரியாது. விரல் இடுக்கிலும் எண்ணெய் தேங்க விடக் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் 48 நாளில் 31-வது நாள் அம்மா குளியலறையில் வழுக்கினார். குழாயைப் பிடித்துக்கொண்டதால் இடுப்பு தப்பியது, மணிக்கட்டு மூன்று வாரம் வீங்கியிருந்தது. வாதத்துக்காகச் செய்ததே எலும்பை முறிக்கப் பார்த்தது. அன்றைக்கே அவருக்கு முழு உடம்புத் தேய்ப்பை நிறுத்திவிட்டேன். இப்போது ரப்பர் மேட் போட்டிருக்கிறோம், குளித்தவர் வெளியே வருமுன் தரையில் சீயக்காய்த் தூளைத் தூவித் துடைப்பத்தால் தேய்த்துவிட வேண்டும்.

ஆகவே அறுபதைத் தாண்டியவர்கள் உள்ள வீட்டுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி, கூடவே உதவிக்கு ஆள் இருக்கும் நாளில் வாரம் ஒரு முழுக்கு. தனியாக இருக்கும், காலையில் நேரம் உள்ள, வறண்ட சருமம் உள்ளவர்கள் குளிர்காலத்தில் மட்டும் முதல் வழிக்குப் போகலாம். நான் இந்த மார்கழியில் மறுபடி போகப்போகிறேன். இந்த முறை துண்டை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.