வடிவமைப்பைப் பதிந்தவர்கள் கவனம்: தபாலில் வந்த ஒரு பில்லில் எனக்குப் போனது 1,482 யூரோ

1,482 யூரோ. இன்றைக்குக் காலை வங்கியிலிருந்து பதில் வந்துவிட்டது. போன காசு போனதுதானாம். கை இன்னும் நடுங்குகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் வெட்கத்தில் எழுதாமலே விட்டுவிடுவேன்.

நான் ஜேர்மனியில் இருக்கிறேன். மடித்து வைக்கக்கூடிய தேங்காய்த் திருவலை செய்து விற்கிறேன். மேசை விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கும், கைபிடி மாவிலை போல வளைந்திருக்கும். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. எதை எடுத்தாலும் 38 யூரோ. போன வருடம் ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்குக் கடை போட்டிருந்தபோது ஒருவர் வந்தார். வாங்கவில்லை. நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை. "இதைப் பதிஞ்சு வைப்பம். நாளைக்கு வேற ஆரும் இதே மாதிரிச் செய்து வித்தால் என்னத்தைக் காட்டிக் கேக்கிறது?" என்றார் என் கணவர்.

பதிந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகம் ஸ்பெயினில் அலிகாந்தே நகரத்தில் இருக்கிறது. அங்கே இணையத்தில் ஒரே ஒரு விண்ணப்பம் போட்டால் 27 நாட்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அல்ல, அது எப்படித் தோன்றுகிறது என்பதற்கு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் 25 வருடம் வரை போகும். கடையில் காட்டிய பொருளானாலும் 12 மாதத்துக்குள் பதிந்தால் பிழையில்லை. எனக்குத் தேர் முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. முதல் வடிவமைப்புக்கு 350 யூரோ, இரண்டாவதுக்கு 125, ஆக 475. அட்டையில் கட்டினேன். சில நாளிலேயே சான்றிதழ் வந்துவிட்டது. வீட்டில் பாயசம் காய்ச்சினோம், அவ்வளவு சந்தோசம்.

இதுவரைக்கும் எல்லாம் சரி. அந்த அலுவலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு கிழமை கழித்துத் தடித்த வெள்ளைக் கடித உறை ஒன்று வந்தது. பிரித்தால் மேலே நீலப் பட்டை, பட்டையில் வட்டமாக நட்சத்திரங்கள். ஐரோப்பா, வடிவமைப்பு, பதிவு என்ற மூன்று சொல்லும் சேர்ந்த ஒரு பெயர். அதற்குக் கீழே என் பெயர், என் வீட்டு முகவரி, என் பதிவு எண், விண்ணப்பித்த திகதி. வகை 07-04 என்றுகூட இருந்தது; கையால் இயக்கும் சமையல் கருவிகளுக்கு உரிய வகை அதுதான். நடுவில் என் திருவலையின் படம். நான் வரைந்த படம்.

அந்தப் படத்தைப் பார்த்த உடனே நம்பிவிட்டேன். அதை ஒளிக்க என்ன இருக்கிறது? என் படம் அவர்களிடம் இருக்கிறதென்றால் அது அலுவலகமாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பதிவேடு எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது, பெயர், முகவரி, படம் எல்லாவற்றையும் யாரும் எடுக்கலாம் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவேயில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கடிதத்தில் "பிரசுரமும் பதிவும்" என்று எழுதி 1,482 யூரோ கேட்டிருந்தார்கள், பத்து நாள் தவணை. எங்களுக்குத் தெரிந்த அண்ணா ஒருவர் சில வருடத்துக்கு முதல் மின்விளக்கு ஒன்றைப் பதிந்தவர். அவர் எனக்கு ஏற்கனவே சொல்லியிருந்தார்: "பதிவுக் காசு வேற, பிரசுரக் காசு வேற தங்கச்சி, ரெண்டையும் கட்ட வேணும்." அவர் பொய் சொல்லவில்லை. அப்போது பதிவுக்கு 230, பிரசுரத்துக்கு 120 என்று பிரித்துத்தான் வாங்கினார்கள். 2025 மே 1 முதல் சட்டம் மாறி இரண்டும் ஒரே 350 ஆகிவிட்டது. நான் கட்டிய 350க்குள் பிரசுரமும் அடக்கம் என்று தெரியாமல், அண்ணா சொன்ன இரண்டாவது காசு இதுதானாக்கும், கூடிப்போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். கணவரிடம்கூடக் கேட்கவில்லை. அன்றிரவே அனுப்பிவிட்டேன். 1,482 யூரோ. 39 திருவலை விற்ற காசு.

கண்டுபிடித்தது எங்கள் வரிக்கணக்குப் பார்க்கிற பெண்மணி. பில்லைக் கையில் எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "அலுவலகம் ஸ்பெயினில் என்றால் கணக்கு எண் ஏன் வேறு நாட்டு எழுத்தில் தொடங்குகிறது?" பிறகு பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெளிறிய சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி: இது ஒரு தனியார் இணையப் பட்டியலில் சேர்வதற்கான அழைப்பு, எந்த அரச அலுவலகத்தோடும் தொடர்பில்லை, காசு கட்டினால் ஒப்பந்தம் ஏற்றதாக ஆகும். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இனிமையான குரல். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்கள் வாசித்துவிட்டுத்தானே கட்டினீர்கள்?" என்றது. 14 நாளுக்குள் திருப்பிக் கேட்கலாமே என்றேன். அது வீட்டுப் பாவனையாளருக்கு, நீங்கள் வியாபாரம் செய்பவர், உங்களுக்கு இல்லை என்று பதில். மூன்று மின்னஞ்சல் போட்டேன். முதல் இரண்டுக்கும் தானியங்கிப் பதில். மூன்றாவதுக்கு என்ன வந்தது தெரியுமா? அடுத்த வருடப் பட்டியலுக்குக் கழிவு தருகிறார்களாம்! வாசித்துவிட்டு வாய்விட்டுக் கத்தினேன்.

வங்கியில் திருப்பி எடுக்க விண்ணப்பித்தார்கள். காசு வாங்கியவர் சம்மதிக்க வேண்டுமாம், அவர் சம்மதிக்கவில்லை. 2025 ஒக்ரோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று வங்கி பார்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா, அதை ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "செய்தோம், பொருந்தியது" என்றார்கள் வங்கியில். பொருந்தும்தானே. கடிதத்தில் இருந்த பெயரையே நான் எழுத்துக்கு எழுத்து அடித்திருக்கிறேன்.

பொலிஸ் நிலையத்தில் இருந்தவர் பின்பக்க எழுத்தை வாசித்துவிட்டு, இது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தப் பிரச்சினை போல் இருக்கிறது, சட்டத்தரணியைப் பாருங்கள் என்று கடிதத்தைத் திருப்பி நீட்டினார். நான் எழும்பவில்லை. பில் போல வேடம் போட்டு அனுப்பிய அழைப்பு மோசடியாகலாம் என்று ஜேர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2001லேயே சொல்லியிருக்கிறது. கவனமாக வாசித்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்பது அவர்களைக் காப்பாற்றாது. இதை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். அதற்குப் பிறகுதான் முறைப்பாட்டை எழுதினார்.

அலிகாந்தே அலுவலகம் மட்டும் மரியாதையாகப் பதில் சொன்னது: நாங்கள் யாருக்கும் பில் அனுப்புவதில்லை, ஆனால் போன காசை மீட்டுத்தர எங்களால் முடியாது. இப்படி வந்த போலிக் கடிதங்களை அவர்கள் தங்கள் தளத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். ஒன்றா இரண்டா! எத்தனை பேரின் உழைப்பு. அந்தப் பக்கத்தை நான் கட்டுவதற்கு முதல் நாள் பார்த்திருக்கக் கூடாதா?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் ஓடவில்லை. இவ்வளவும் போதும்:

வடிவமைப்பைப் பதிந்த பிறகு தபாலில் பில் வந்தால் கட்டாதீர்கள். அலிகாந்தே அலுவலகத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். உண்மையான செய்தி அங்கேதான் இருக்கும். ஐந்து வருடத்துக்கு இடையில் கட்டணம் ஏதும் கிடையாது, முதல் புதுப்பித்தலே 150 யூரோதான். கடிதத்தின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசியுங்கள். காசு அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணின் முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள், எந்த நாடு என்று தெரியும். பிரித்தானியாவும் சுவிற்சர்லாந்தும் இந்தப் பதிவுக்குள் வராது. அங்கே உள்ளவர்களை "அந்த நாட்டையும் சேர்த்துத் தருகிறோம்" என்று பிடிக்கப் பார்ப்பார்கள், கவனம். ஏற்கனவே கட்டியிருந்தால் அந்த மணித்தியாலமே வங்கிக்குச் சொல்லுங்கள், நான் மூன்று கிழமை கழித்துத்தான் சொன்னேன். கடித உறையை எறியாதீர்கள், பொலிஸ் கேட்கும்.

மத்தியானத் தபாலில் இன்னொன்று வந்திருக்கிறது. வேறு பெயர், வேறு நிறப் பட்டை, அதே மாவிலைக் கைபிடி. முறைப்பாட்டு இலக்கத்தோடு அதையும் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.