ஞானப்பல்: நாலையும் ஒரே நாளில் எடுப்பதா, பக்கம் பக்கமாகவா?

எனக்கும் தம்பிக்கும் ஒரே தாடை போலிருக்கிறது. இரண்டு பேருக்கும் கீழ் ஞானப்பல் படுத்தவாக்கில் முளைத்து, பக்கத்துக் கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டு நின்றது. அவன் முழு மயக்கத்தில் நாலையும் ஒரே நாளில் எடுத்துவிட்டான். நான் மரத்துப்போகும் ஊசியோடு முதலில் வலப்பக்கம் இரண்டு, சில மாதம் கழித்து இடப்பக்கம் இரண்டு. இன்னொரு தடவை என்றாலும் என் வழிதான்.

மயக்கத்தில் ஒன்றும் தெரியாது, ஒரே விடுப்பில் முடியும். ஆனால் ரத்தப் பரிசோதனை, ராத்திரியிலிருந்து வெறும் வயிறு, மயக்க டாக்டருக்குத் தனிக் கட்டணம், வீட்டுக்குக் கூட்டிவர ஆள். மூக்கு வழியாகக் குழாய் விட்டதில் தம்பிக்கு இரண்டு நாள் தொண்டைக் கரகரப்பு. விபத்தில் அடிபட்டால் தவிர, பல காப்பீடுகளில் பல்லுக்குப் பணம் வராது, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஊசி போட்டால் வலி தெரியாது, அழுத்துவது தெரியும். கீழ்ப்பல்லை இரண்டாக வெட்டி எடுத்தார்கள். உடையும்போது 'மடக்' என்ற சத்தம் காதுக்கு உள்ளே கேட்டது. பஞ்சைக் கடித்தபடியே ஆட்டோவில் வீடு. மூன்று மணி நேரம் உதடு என்னுடையதாகவே இல்லை. ஆறின காபி துப்பட்டாவில் வழிந்ததை அம்மா சொல்லித்தான் பார்த்தேன்.

என்னைக் கேட்டால் சாப்பாடுதான் விஷயமே. வீக்கம் முதல் நாள் இல்லை, இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். தம்பிக்கு இரண்டு கன்னமும் உப்பி, வாய்க்குள் ஸ்பூன் நுழையவில்லை. ஸ்ட்ராவும் கூடாது, உறிஞ்சினால் குழியை மூடிய ரத்தக்கட்டி பெயர்ந்து, எலும்பு வெளியே தெரிந்து, காதுவரை இழுக்கும் வலி வரும். 'ட்ரை சாக்கெட்' என்பார்கள். ஒரு வாரம் அவனுக்கு மிக்சியில் அடித்த ரசம் சாதமும் மோரும்தான். நானோ இரண்டாம் நாளே சாம்பாரில் ஊறின இட்லியை இடப்பக்கம் மென்றேன். ஒருக்களித்துப் படுக்கவும் ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. உப்புத்தண்ணீரில் கொப்பளித்துச் சோற்றுப்பருக்கையை வெளியேற்றும் வேலையும் பாதிதான்.

இன்னொன்று, கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு கீழ் ஞானப்பல்லின் வேரை ஒட்டி ஓடுகிறது. அது சீண்டப்பட்டால் உதடு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்திருக்கும், அபூர்வமாக நிரந்தரமாகவும். முதல் பக்கம் தேறியதைப் பார்த்துவிட்டு அடுத்ததில் கைவைப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் என் பற்கள் பாதி வெளியே தெரிந்தவை. எலும்புக்குள் ஆழமாகக் கிடந்தாலோ, ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவர் என்றாலோ, நான் சொல்வதைவிட டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

என் வழியில் ஒரு வில்லங்கமும் உண்டு. இரண்டாம் தடவை அந்த 'மடக்' ஞாபகம் இருக்கும். ஆறு வாரத்தில் வரச்சொன்னார்கள், நாலு மாதம் இழுத்தேன். "நான் ஒரு வாரத்துல முடிச்சுட்டேன், நீ இன்னும் நாள் பார்த்துக்கிட்டு இருக்கியேக்கா" என்று தம்பி தினமும் போனில் முறுக்குக் கடித்துக் காட்டினான்.