கேபிளா, ஓடிடியா, யூடியூபா: எந்த வீட்டுக்கு எது பொருந்தும்?

தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் மாலை நேரத்தை இன்று கேபிள் அல்லது டிடிஎச் வழியாக வரும் தொலைக்காட்சி, சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி செயலிகள், கட்டணமின்றிக் கிடைக்கும் யூடியூப் ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. மாதச் செலவைக் கணக்குப் போட்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். ஆனால் வீட்டில் யார், எதை, யாரோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

செலவில் முன்பிருந்த இடைவெளி இப்போது இல்லை. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய முறையில் அடிப்படைக் கட்டணமே 130 ரூபாயும் வரியும் என்றாகி, கட்டணச் சேனல்களுக்குத் தனி விலையும் சேர்ந்தது. 2016-இல் ஜியோ வந்த பிறகு மொபைல் டேட்டா விலையோ சரிந்தது. இருந்தாலும் ஓடிடியை மலிவு என்று சொல்லிவிட முடியாது. புதுப்படங்களின் உரிமை பல செயலிகளில் சிதறிக் கிடப்பதால், ஒரு சந்தாவோடு நிறுத்த முடிவதில்லை.

நேரலைக் கிரிக்கெட்டில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் உரிமையில், இந்தியத் தொலைக்காட்சிக்கு 23,575 கோடி ரூபாயும் டிஜிட்டலுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக ஏறத்தாழ 23,758 கோடி ரூபாயும் கொடுக்கப்பட்டன. பணம் அந்தப் பக்கம் சாய்ந்தாலும், பார்க்கும் அனுபவத்தில் கேபிளே இன்னும் முந்துகிறது. செயற்கைக்கோள் ஒளிபரப்பை ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் சிக்னல் ஒன்றுதான். இணையத்திலோ காட்சி சிறு சிறு துண்டுகளாக ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே அனுப்பப்பட்டு, முன்கூட்டிச் சேமிக்கப்பட்ட பிறகே ஓடுகிறது. அதனால்தான் பக்கத்து வீட்டில் விக்கெட்டுக்குக் கத்தி முடித்த பிறகு, நம் மொபைலில் பந்துவீச்சாளர் ஓடி வரத் தொடங்குகிறார்.

சீரியல்களில் ஓடிடியின் கை ஓங்கியிருக்கிறது. விட்டுப்போன பகுதியை மறுநாள் பேருந்தில் போகும்போதுகூடப் பார்த்துவிடலாம் என்பது வேலைக்குப் போகும் பெண்களுக்கு உண்மையான விடுதலை. ஆனால் வயதானவர்கள் இருக்கும் வீட்டில், சேனல் எண்ணை மனப்பாடமாக அழுத்திப் பழகிய பாட்டியிடம், செயலியைத் திறந்து, புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, பெயரைத் தேடச் சொல்வது அவருடைய பொழுதுபோக்கையே இன்னொருவர் தயவில் விடுவதாகும். இந்த இழப்பைப் பலரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

செய்திக்காக மட்டும் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இனி அது தேவையில்லை; முன்னணித் தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபிலேயே நேரலையில் கிடைக்கின்றன. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தொலைக்காட்சியில் நிகழ்ச்சி முடிந்தால் குழந்தை எழுந்துவிடும். யூடியூபில் அடுத்த வீடியோ தானாகவே தொடங்கிவிடுவதால், ஆட்டோபிளேயை முதலில் அணைத்து வையுங்கள்.

முதியவர்களும் கிரிக்கெட் ரசிகர்களும் உள்ள வீட்டில் கேபிளைத் துண்டிக்காமல், தேவையான சேனல்களை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். தனியாகவோ இருவராகவோ வசிப்பவர்களுக்கு யூடியூபும் ஒரே ஒரு ஓடிடியும் போதும். அதிலும் மாதச் சந்தா இருந்தால் அதையே எடுங்கள். பார்க்க நினைத்ததைப் பார்த்து முடித்ததும், மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபேயை ரத்து செய்துவிட்டு, அடுத்த மாதம் வேறொரு செயலிக்கு மாறிக்கொள்ளலாம்.